போனிபாஸ் வெட்டிய மரம்

தென்காசி
2.2.2025

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஞானசிகாமணிக்கு, அக்கா ஞானபாக்கியத்தின் ஸ்தோத்திரம். நானும் உன் அத்தானும் நல்லபடி இருக்கிறோம். அத்தானின் முழங்கால் வலி மட்டும் போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. உனக்கும் ஜாய்க்கும் மறுபடி மலேரியா வரவில்லை என்று நீ எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

நீ ஊழியம் செய்கிற அந்த வடக்கத்தி மலையில் போன் கிடைக்காததில் எனக்கு ஒரு நன்மை, கடிதம் எழுதுகிற பழக்கம் விட்டுப் போகவில்லை. சந்தை நாளில் நீ மிஷன் ஆபீசுக்கு இறங்கி வந்து இதை வாங்கிக்கொள்வாய் என்று நினைத்தபடியே எழுதுகிறேன்.

பெண்கள் சங்கத்தில் சனிக்கிழமைதோறும் நான் எழுதி வாசிக்கிற போனிபாஸ் ஐயாவின் சரித்திரம் மூன்றாம் பாகத்துக்கு வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கிறேன். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பிறந்து, கடல் தாண்டி, ஜெர்மனிக் காடுகளுக்குச் சுவிசேஷம் சொல்லப் போன மனுஷர். எனக்கு இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது அல்லவா, ஒரு பக்கம் புரிவதற்கு ஒரு மத்தியானம் ஆகிறது. ஆனாலும் விடவில்லை.

இந்தப் பாகத்தில்தான் ஓக் என்கிற அந்தக் கருவாலி மரம் வருகிறது. இடி தேவனுடைய மரம் என்று ஜனங்கள் கும்பிட்டு வந்த பெரிய மரம். போனிபாஸ் ஐயா கோடரியை எடுத்து வெட்டினார். ஜனங்கள் சுற்றி நின்று சபித்தார்கள். காற்று வீசி மரம் நான்காகப் பிளந்து விழுந்ததாம். அந்தப் பலகையிலேயே தேவாலயம் கட்டினாராம். வாசித்து முடித்ததும் எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள்.

கூட்டம் நம் வீட்டில்தான். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றி நின்று முழுக்கக் கேட்டாள். எல்லாரும் போன பிறகு, "ஏ பாக்கியம், எங்க சுடலைமாடன் வேம்பு ஒன் சொவர ஒட்டித்தான நிக்கு. ஒங்க ஐயா இந்தப் பக்கம் வந்தாருன்னா முன்கூட்டியே சொல்லிரு, நான் கொடியில கெடக்க துணிய எடுத்துருதேன்" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

உன் பேருக்குக் கைப்பிடி அரிசி குறையாமல் சேர்கிறது. உலை வைக்கும் முன்னால் ஒரு கை எடுத்துத் தனிப்பானையில் போடுவதற்கு நம் தெருவில் எல்லா வீடும் பழகிவிட்டது. சங்கம் அதை விற்று உன் ஊழியக் கணக்கில் போடுகிறது.

ஜெபத்தோடு,
அக்கா

*

பெல்குடா
27.2.2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. காய்ச்சல் வரவில்லை, சோறு தாராளமாக இறங்கட்டும். ஜாய் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறாள். அத்தானின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

உன் மூன்றாம் பாகத்தை இங்கே கூடுகையில் இவர்கள் பாஷையில் சொன்னேன். சாதாரணமாக என் பிரசங்கத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள். இதற்கு ஒருவரும் தூங்கவில்லை. புத்ரு என்று எழுதியிருக்கிறேனே, மலைத்தேன் எடுக்கிறவன், இங்கே முதலில் ஞானஸ்நானம் எடுத்தவன், அவன் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். முடிந்ததும், "அவர் கோடரி எவ்வளவு பெரிசு?" என்று கேட்டான்.

ஊருக்கு மேலே ஒரு சால் மரத் தோப்பு இருக்கிறது. நடுவில் நிற்கிற மரத்தை நாலு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. பங்குனியில் அது பூத்த பிறகுதான் இவர்கள் எதையும் விதைப்பார்கள், எந்தப் பழத்தையும் தின்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த நான்கு குடும்பமும் இன்னும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. கேட்டால், "பாஸ்டர், மரம் பார்த்துக்கொண்டு நிற்கிறதே" என்கிறார்கள். இத்தனை வருஷம் நான் பேசியதெல்லாம் அந்த மரத்தின் நிழலுக்கு வெளியே விழவே இல்லையோ என்று தோன்றுகிறது. ஒரு மரம்தானே அக்கா.

அடுத்த பாகத்தைச் சீக்கிரம் அனுப்பு. கூடவே ஒரு வெள்ளைத் துப்பட்டி வேண்டும். திருவிருந்து மேசைக்கு விரிக்க.

உன் தம்பி,
ஞானசிகாமணி

*

தென்காசி
12.3.2025

பிரியமான தம்பிக்கு அக்காவின் ஸ்தோத்திரம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதம் வந்தபோது நான் கடைசிப் பாகத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வயசான காலத்தில் போனிபாஸ் ஐயா கடைசிப் பயணம் புறப்படும்போது, புத்தகப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் துணியையும் சேர்த்து வைக்கச் சொன்னாராம். தன் உடம்பைச் சுற்றுவதற்கு. அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறேன், தபால்காரர் மணி அடிக்கிறார். பிரித்தால், வெள்ளைத் துப்பட்டி அனுப்பு என்று நீ.

வெள்ளைத் துணி இந்த வீட்டிலிருந்து வராது. மஞ்சளும் நீலமும் கட்டம் போட்ட துப்பட்டி அனுப்பியிருக்கிறேன். மேசைக்குப் பொருந்தாவிட்டால் போர்த்திக்கொள். கூட நேந்திரங்காய் வற்றல், கருப்பட்டி, கொசுவலை இரண்டு, ஜாய்க்கு நாரத்தங்காய் ஊறுகாய். ஊறுகாய் கசிந்தால் எழுது, அந்தக் கூரியர்காரனைக் கேட்க வேண்டும்.

மரத்தைத் தொடாதே.

போன வருஷம் கரண்டுக் கம்பியில் இடிக்கிறது என்று யாரோ கூலி ஆளை ஏற்பாடு செய்து, அவன் அந்த வேம்பில் ஒரு கிளையை வெட்டினான். ஒரு கிளை. எங்கிருந்து வந்தார்களோ, தெருவே ஆளாக நின்றது. தெருமுனைக் கடைக்காரர் அகமது கபீர் ஷட்டரை இறக்கிவிட்டார். உன் அத்தான் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் சுவரை ஒட்டி நிற்கிற மரம், சுவருக்கு இந்தப் பக்கம் வேதக்காரர் வீடு. வேதக்காரர்தான் வெட்டச் சொன்னார்கள் என்று யாராவது ஒருத்தன் சொல்லிவிடுவானோ என்று நான் ஜன்னலையும் சாத்திவிட்டேன். ஆவுடைத்தாய்தான் வெளியே போய், "எலக்ட்ரிக் லைனுக்குன்னு வெட்டுனாம்லே. எல்லாரும் போங்க" என்று சத்தம் போட்டாள். நான் பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு அந்தப் பயம். நீ இருப்பது யார் ஊர்?

அந்தக் கருவாலி மரக் கதையில் நான் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அதை வாசித்தால் கேட்கிறவர்களுக்கு விசுவாசம் குறையும் என்று சங்கத் தலைவி சொன்னார்கள், எடுத்துவிட்டேன். இப்போதே எழுதலாம். ஆனால் பாஸ்டரையாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அடுத்த தபாலில் விவரமாக எழுதுகிறேன். அதுவரை பொறு.

அக்கா

*

மிஷன் குவார்ட்டர்ஸ்
16.4.2025

அன்புள்ள மதினிக்கு ஜாய் எழுதுவது. நாங்கள் இருவரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். நீங்களும் அண்ணனும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தம்பிக்குக் கையில் சிறு காயம், பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். துப்பட்டியும் மற்றச் சாமான்களும் வந்து சேர்ந்தன. ஊறுகாய் கசியவில்லை.

கவரில் ஊர் பெயர் மாறியிருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். சில நாட்களுக்கு சந்தை ஊரில் மிஷன் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மேலே தோப்பில் அந்த மரம் விழுந்துவிட்டது. புத்ரு இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தேறி வருகிறார்.

வெயில் அதிகம். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜாய்

*

தென்காசி
24.4.2025

பிரியமான தம்பிக்கும் ஜாய்க்கும் ஸ்தோத்திரம். எங்கள் சுகத்துக்கு என்ன குறை, உங்களுடையதைச் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம்? காற்றிலா? இடி விழுந்தா? நாலு பேர் கட்டிப்பிடிக்க முடியாத மரம் தானாக விழுமா? உனக்கு ஒரு கையில் காயமா, இரண்டு கையிலுமா? உள்ளங்கையிலா? புத்ருவுக்கு என்ன என்று ஜாய் எழுதவில்லை. ஊறுகாய் கசியவில்லை என்று எழுத இடம் இருந்திருக்கிறது.

ஜாயைக் குறை சொல்லவில்லை. நீ சொன்னதை அவள் எழுதியிருக்கிறாள்.

போன் அடித்துப் பார்த்தேன். மூன்று நாளும் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்லுகிறது. மிஷன் ஆபீசில் ஒரு தம்பி எடுத்தார். "ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார். "எதுக்குன்னு சொல்லுங்க தம்பி, அதச் சொல்லியே ஜெபிக்கேன்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.

இனி நான் விட்ட விஷயத்தை எழுதுகிறேன். பாஸ்டரையாவிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே பங்குனியைப் போக்கிவிட்டேன். போனிபாஸ் ஐயா வெறுங்கையோடு அந்தக் காட்டுக்குள் போகவில்லை. அந்தத் தேசத்தை ஆண்ட சார்லஸ் என்கிற அதிகாரி, இவருக்கு யாரும் தீங்கு செய்யக்கூடாது என்று முத்திரை போட்டுக் கடிதம் கொடுத்திருந்தார். மரத்தடியில் சபித்துக்கொண்டு நின்ற ஜனங்களுக்கு அதுவும் தெரிந்திருக்கும். அந்த அதிகாரத்தின் காவல் இல்லாமல் தன்னால் அங்கே எதையும் காப்பாற்ற முடியாது என்று பிற்காலத்தில் அவரே ஒரு பிஷப்புக்கு எழுதியிருக்கிறார். சபித்தவர்கள் ஏன் கை ஓங்கவில்லை என்று மூன்றாம் பாகத்தில் நீ யோசித்திருக்க மாட்டாய். நான்தான் யோசிக்க விடவில்லையே.

உனக்கு எந்த ராஜா கடிதம் கொடுத்தான்? ஊருக்கு வந்துவிடுங்கள் இரண்டு பேரும்.

அக்கா

*

தென்காசி
6.5.2025

தம்பிக்கு. சுகமா என்று மட்டும் கேட்கிறேன்.

பதில் இல்லை. கேட்டுக்கு வெளியே எந்த வண்டி நின்றாலும் என்ன சேதியோ என்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். நேற்றுக் காஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தார். கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றுவிட்டேன். அவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போன பிறகுதான் திறந்து பார்த்தேன். உன் அத்தான், "இன்னும் ரெண்டு நாள் பாப்போம், இல்லன்னா நானே ரயில் ஏறிப் போயிட்டு வாரேன்" என்கிறார். முழங்காலைத் தடவிக்கொண்டே சொல்லுகிறார்.

குற்றாலம் காய்ந்து கிடக்கிறது, பாறைதான் தெரிகிறது. ஒரு வரி போதும். உன் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

அக்கா

*

மிஷன் குவார்ட்டர்ஸ்
12.5.2025

அக்கா,

உன் இரண்டு கடிதமும் சேர்ந்து கிடைத்தன. இது என் கையெழுத்துத்தான். கோணலாக இருந்தால் பயப்படாதே, தோல் இப்போதுதான் மூடுகிறது. இரண்டு உள்ளங்கையும்.

முதல் வெட்டு நான் வெட்டியது.

உன் மார்ச் மாதக் கடிதம் சந்தை ஊருக்கு வந்து சேர்ந்த வாரம் நான் இறங்கவில்லை. மரம் பூத்துவிட்டது, தோப்பில் பூப் பண்டிகை வைக்கும் முன்னால் முடித்துவிட வேண்டும் என்று புத்ரு அவசரப்பட்டான். அவன் அவசரம் என்று எழுதுவதும் சரியில்லை. எனக்கும்தான்.

நான்காகப் பிளக்கவில்லை அக்கா. காற்றும் வரவில்லை. காலையில் தொடங்கியது, வெயில் உச்சிக்கு வந்த பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தோம். சபித்தார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர் முழுக்க வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி பார்த்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தவும் பயம். பாதி வெட்டிய மரத்தை வைத்துக்கொண்டு அவர்களைத் திரும்பிப் பார்க்க என்னால் முடியாது. அதனால்தான் முழுக்க வெட்டினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் நான்கு குடும்பமும் தண்ணீர் எடுக்கிற ஓடைப் பாதையை முள் வைத்து அடைத்திருந்தார்கள். புத்ரு தேன் எடுக்கிற வழியில் தோளெலும்பு முறிந்து கிடந்தான். யார் அடித்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறான். ஜாய்தான் கட்டுப் போட்டு, கட்டிலோடு தூக்கி வரச் செய்தாள்.

இப்போது ஊர்த் தலைவர் ஆள் அனுப்பியிருக்கிறார். மாஞ்சி என்று அவரைச் சொல்வார்கள். நான் தனியாக வர வேண்டும். ஒரு ஆடு கொண்டுவர வேண்டும். வெட்டின அடிமரத்துக்கு முன்னால் அதைப் பலி கொடுத்துச் சமைப்பார்கள். ஊரோடு உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் நான்கு குடும்பமும் ஊரில் இருக்கலாம். இல்லாவிட்டால் மழைக்கு முன்னால் அவர்கள் வெளியேற வேண்டும். நிலத்தை விட்டுப் போனால் செங்கல் சூளைதான் அவர்களுக்கு.

ஆபீசில் போகக்கூடாது என்கிறார்கள். போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் நான்கு குடும்பத்தின் கதி என்ன? புத்ரு, "போனால் திரும்ப மாட்டீர்கள் பாஸ்டர்" என்கிறான். நான் பேசும்போது ஜாய் என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வருவேன் என்றே வைத்துக்கொள். படைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்து எந்த வாயால் பிரசங்கம் பண்ணுவேன்? என்ன செய்யட்டும், நீ சொல்.

தம்பி

*

தென்காசி
22.5.2025

என் தம்பிக்கு அக்காவின் ஸ்தோத்திரம். உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். கோணலாகத்தான் இருக்கிறது.

மரத்தைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. வெட்டினது நீ, கோடரியைத் தீட்டிக் கொடுத்தது நான். இரண்டு பேருக்கும் கர்த்தர் இரங்கட்டும்.

உன் அத்தான் கடிதத்தைப் படித்துவிட்டு, "டிக்கெட் போடுதேன், கெளம்பி வரச் சொல்லு. அந்த நாலு குடும்பத்தையும் இங்க கூட்டிட்டு வரட்டும், குத்தாலம் சீசன் கடையில துண்டு விக்கட்டும்" என்றார். கோபத்தில் சொன்னார். பிறகு அவரே, "அவன் வர மாட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சங்கத்தில் ஒருத்தரிடமும் நான் மூச்சு விடவில்லை. ஜெபக் குறிப்பு என்று சொன்னால் சாயந்திரத்துக்குள் முந்நூறு போனுக்குப் போய்விடும், அங்கே வரைக்கும் போகும். ஆவுடைத்தாயிடம் மட்டும் சொன்னேன். மரத்தை வெட்டினவனின் அக்கா நான், வருஷா வருஷம் மரத்தடியில் கொடைத் திருவிழா எடுக்கிறவள் அவள். அவளிடம் போய்ச் சொல்லுகிறோமே என்று தயங்கித் தயங்கித்தான் போனேன். சொளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"ஒன் தம்பிக்குக் கோட்டி புடிச்சிட்டா?" என்றாள்.

"ஆமா தாயி."

"வெட்டுன கைய விட்டு வச்சுருக்கானுவளே, அதச் சொல்லு. போவச் சொல்லுட்டி. போயி கால்ல விழச் சொல்லு. ஆடு என்ன பெரிய ஆடு."

"ஆடு இல்ல தாயி. சாப்பிடணும்ங்காவ. படைச்சத."

"ஏன், எங்க கொடைக்கு நீ கறி தின்னதில்லயா?"

"நீ படைக்கதுக்கு முன்னாலயே எனக்குன்னு தனியா எடுத்து வச்சுல்லா குடுத்து விடுவ. அது வேற."

அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள். சொளகைப் பார்த்தபடியே, "ஆமா, அது வேற" என்றாள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. மாஞ்சியிடம் முதலில் மன்னிப்புக் கேள். மரத்தைப் பற்றி எந்த வியாக்கியானமும் வேண்டாம். பிறகு, உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன், என் பங்கை மட்டும் படைக்கும் முன்னால் எடுத்து வைத்துவிடுங்கள் என்று கேள். ஊருக்கெல்லாம் வேண்டிய அரிசியை நீ சுமந்துகொண்டு போ. கைப்பிடி அரிசிப் பணம் உன் கணக்கில் இருக்கிறது, அதற்கு எடு. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

படைத்த இறைச்சியைத் தொடக்கூடாது என்று போனிபாஸ் ஐயாவுக்கு ரோமாபுரியிலிருந்து கண்டிப்பாகக் கடிதம் வந்திருக்கிறது. இனி உனக்கு நான் எதையும் மறைக்கப் போவதில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். தன் நாட்டில் கன்னியர் மடத்தில் இருந்த பெண்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அவர்கள் அவருக்குப் புத்தகமும் துணிமணியும் அனுப்பியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கஷ்டம், உள்ளே பயம், எனக்காக ஜெபியுங்கள் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் கோவிலில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பிரசங்கத்திலும் அவர் பயந்தார் என்று கேட்டதில்லை.

போகாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நாலு குடும்பத்தை நினைத்து எழுத முடியவில்லை. போனால் பகலில் போ. ஓடை வரைக்காவது யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்.

அக்கா

*

தென்காசி
9.6.2025

தம்பிக்கு ஸ்தோத்திரம். நீ சுகமாக இருக்கிறாய் என்றே எழுதுகிறேன்.

போனாயா, போகவில்லையா? ஜாயாவது எழுதலாம். அவள் போனும் எடுக்கவில்லை.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம். அத்தான் குற்றாலத்தில் கடை போட்டுத் துண்டும் ஷாம்பு பாக்கெட்டும் விற்கிறார். சாப்பாடு கொண்டு போனேன். திடீரென்று போலீஸ் விசில் ஊதி, தண்ணீர் கூடுகிறது என்று எல்லாரையும் வெளியேற்றினார்கள். சிரித்துக்கொண்டு ஈரத்தோடு ஓடி வருகிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு மங்குஸ்தான் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் கடையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

போனிபாஸ் ஐயாவின் நாள் வந்ததால் சனிக்கிழமை கடைசிப் பாகத்தை வாசித்தேன். முதலில் நான் விட்டுவிட்ட காவல் கடிதத்தை எல்லாருக்கும் சொன்னேன். தலைவியம்மா, "அது எதுக்கு இப்போ" என்றார்கள். பிறகு ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, புதிதாக ஞானஸ்நானம் எடுத்தவர்கள் திடப்படுத்தல் ஆராதனைக்கு வருவார்கள் என்று அவர் காத்திருந்ததை வாசித்தேன். விடியும்போது ஆட்கள் வந்தார்கள். அவர் காத்திருந்தவர்கள் அல்ல. கையில் ஆயுதம். எதிர்க்க வேண்டாம் என்று தம்மோடு இருந்தவர்களிடம் சொன்னார். அதோடு தாளை மடக்கிவிட்டேன். ஒரு அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஒங்க தம்பி அங்கன நல்லா இருக்காவள்லா?" என்று கேட்டார்கள். "சுகமா இருக்கான்" என்றேன். மிச்சத்தைத் தலைவியம்மா வாசித்து முடித்தார்கள்.

சொன்னது பொய்யா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

*

மிஷன் குவார்ட்டர்ஸ்
24.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஜாயும் சுகம். மேலே போய் வந்ததிலிருந்து எனக்கு நல்ல காய்ச்சல், ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. ஜாயை எழுதச் சொன்னேன். "இந்தத் தடவை நீங்களே எழுதுங்க, நான் எழுதுனா மதினி நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

பகலில்தான் போனேன். ஆட்டைப் பிடித்துக்கொண்டு, அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு. புத்ருவின் அண்ணன் ஓடை வரை வந்து நின்றுகொண்டான். அங்கிருந்து தோப்பு வரைக்கும் என் பின்னால் யாரோ நடந்து வந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடியிருப்பேன்.

மாஞ்சியின் காலில் விழுந்தேன். அவர் எழுப்பவும் இல்லை, உதறவும் இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. எழுந்து, நீ எழுதியபடியே பங்கைப் பற்றிக் கேட்டேன். அவர் அடுப்படியில் இருந்த பெண்களைப் பார்த்து ஏதோ சொன்னார். இத்தனை வருஷம் அவர்கள் பாஷை பேசியும், தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குப் பிடிபடவில்லை. பெண்களில் ஒருத்தி தலையாட்டினாள்.

பிறகு மேளம், பூசை எல்லாம் நடந்தது. கறி வெந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பானைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். எது எந்தப் பானை என்று எனக்கு எப்படித் தெரியும்? நெருக்கியடித்து உட்கார்ந்தோம். என் முன்னால் இலை விழுந்தது, சோறும் கறியும் விழுந்தது. படைக்கும் முன்னால் எடுத்ததா என்று கேட்க வாயைத் திறந்தேன். எதிரே மாஞ்சி உட்கார்ந்திருந்தார். அவர் இலையிலும் சோறு இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எடுக்காமல் அவர் எடுக்க மாட்டார், அவர் எடுக்காமல் ஊர் எடுக்காது. எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். சோற்றை அள்ளினேன், பாதி கீழே சிந்தியது.

சாப்பிட்டேன் அக்கா. கேட்கவில்லை.

மாஞ்சி சாப்பிட்டார், ஊரும் சாப்பிட்டது. ஓடைப் பாதையில் முள்ளை எடுத்துவிட்டார்கள். ஆனால் கொட்டகை ஓரத்தில் இரண்டு பேர் மட்டும் இலையைத் தொடாமல் எழுந்து மழைக்குள்ளேயே நடந்துபோனார்கள். மாஞ்சி அவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் நிற்கவில்லை. நான் புறப்படும்போது மாஞ்சி என்னிடம், "அந்த இரண்டு பேருக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது" என்றார்.

இருந்தாலும் நான்கு குடும்பத்தைத் தனியாக விட முடியாது. அடிமரத்தைச் சுற்றிக் கன்று நட வேண்டும் என்று மாஞ்சி சொல்லியிருக்கிறார். காய்ச்சல் முழுக்க விட்டதும் மேலே போகிறோம், ஜாயும் வருவேன் என்கிறாள். மழை வலுத்தால் பாதை அடைந்துவிடும். பிறகு தபால் ஆவணியில்தான்.

நான் சாப்பிட்டதை ஆபீசுக்கு எழுதவில்லை. உனக்கு மட்டும்தான்.

தம்பி

*

தென்காசி
4.7.2025

என் தம்பிக்கும் ஜாய்க்கும் அக்காவின் ஸ்தோத்திரம். எங்கள் சுகத்தை அப்புறம் சொல்கிறேன். நீங்கள் புறப்படும் முன்னால் இது கிடைக்க வேண்டுமே என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரம் சொல்லுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் எழுந்துவிட்டேன். பிறகு ஆவுடைத்தாய் வீட்டுக்குப் போனேன். உனக்கு மட்டும் என்று நீ எழுதியிருந்தாய். என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

"உசுரோட இருக்கானா?" என்றாள்.

"இருக்கான். ரெண்டு பேரு மட்டும் சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டானுவளாம். இவன் சாப்பிட்டானாம்."

"முன்னால எடுத்து வச்சதா, படைச்சதா?"

"கேக்கலயாம்."

அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "பாக்கியம், ஒன்னு சொல்லுதேன், சண்டைக்கு வராத. கொடைக் கூட்டத்துல, சாமி ஆடுத சத்தத்துல, நான் எங்கன ஒனக்குன்னு முன்கூட்டி எடுத்து வைக்க? ஆரம்பத்துல ரெண்டு மூணு வருசம் வச்சேன். பெறவு மறந்துட்டேன். ஒனக்குக் குடுக்காம இருக்கவும் மனசு வரல. படைச்சதத்தான் குடுத்து விட்டேன். நீயும் கேக்கல" என்றாள்.

நான் எழுந்து வந்துவிட்டேன். கோபம் வந்தது தம்பி, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன், அத்தானுக்கும் பரிமாறியிருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சோறு வடிக்கிறேன், கை பாட்டுக்கு வேலை செய்கிறது, மனசு எங்கேயோ நிற்கிறது. ஒரு நாள் முழுக்கச் சுவர்ப் பக்கமே போகவில்லை.

இன்றைக்குக் காலையில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். என் கோபம் தெரியும் அவளுக்கு. வேறு எதையும் பேசாமல், "அந்த ரெண்டு பேரு சாப்பிடாம எந்திரிச்சுப் போனானுவன்னியே, அவனுவ பொறவாது சாப்பிட்டானுவளா?" என்று கேட்டாள்.

"தெரியல தாயி" என்றேன்.

"கேட்டு எழுதச் சொல்லு. கூட உக்காந்து திங்காமப் போனவனுக்குப் பகை தீரலன்னுதான அர்த்தம்" என்றாள்.

கையில் ஈரத் துணியோடு இந்தப் பக்கம் நானும், அந்தப் பக்கம் அவளும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.

போகாதே என்று சொல்ல மாட்டேன். மேலே போனதும், பாதை அடைபடும் முன்னால், இறங்கி வருகிற யாரிடமாவது ஒரு துண்டுத் தாள் கொடுத்து அனுப்பு. சுகம் விசாரித்து எழுத நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அந்த இரண்டு பேரும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்று மட்டும் எழுது.

அக்கா
ஞானபாக்கியம்